பார்த்தது, கேட்டது

பினாங்குப் பாலத்தின் நடுவில் கம்பெனி பஸ் நின்றுவிட்டது. முன்னால் எங்கோ லாரி கவிழ்ந்ததாம். கதவு திறக்காது, ஜன்னல் திறக்காது, கீழே கடல். வேறு வழியில்லாமல் கைப்பேசியைத் திறந்தேன், அங்கேயும் மாட்டிக்கொண்டேன். வாலிப வயதிலிருந்து நான் கொண்டாடும் மோட்டார் பந்தய வீரர் ஒருவர் இறந்துவிட்டார் என்றது ஒரு செய்தி. இல்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றது அடுத்தது. மூன்றாவது, அவர் மறுபடி பந்தயத்துக்கு வருகிறார் என்றது. மூன்றுக்கும் ஒரே படம். எரிச்சலில் ஒன்றைத் தட்டிப் பார்த்தேன். ஏமாளி சிக்கிய குஷியில் இன்னும் முப்பது வந்து வரிசை கட்டின.

முன் இருக்கைப் பெண்ணின் மடியில் ஓர் அட்டைப் பெட்டி இருந்தது, மழையில் நனைந்த பெட்டி. ஈர அட்டையின் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சந்திரா ஞாபகம் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள். ஒரு பெண்ணை அட்டைப் பெட்டி வாசனையில் நினைத்துக்கொள்கிறவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அப்போதும் இதே வழிதான். ஆயர் ஈத்தாமில் சந்திரா ஏறுவாள், ஜெலுத்தோங்கில் நான் ஏறுவேன், பாலம் தாண்டி சிம்பாங் அம்பாட் தொழிற்சாலையில் ஒரே மேசையில் வேலை. திங்கட்கிழமை காலையில் ஓட்டுநர் மணியண்ணனின் இருக்கைக்குப் பின்னால், பழைய பெட்டியில் வெட்டிய ஓர் அட்டை ஈர வாசனையோடு தொங்கும். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயச் செய்தி முழுக்க அதில் இருக்கும், சந்திராவின் குண்டுக் கையெழுத்தில். நடுவில் ஒரு கோடு. ஒரு பக்கம் 'பார்த்தது', மறுபக்கம் 'கேட்டது'. தொலைக்காட்சியில் தன் கண்ணால் கண்டது மட்டும் முதல் பக்கம். பத்திரிகையில் படித்தது, கடையில் பேசிக்கொண்டது எல்லாம் இரண்டாம் பக்கம். பத்திரிகைக்காரன் பொய்யா எழுதுவான் என்று ஒருமுறை சண்டைக்குப் போனேன்.

"அவன் பாத்திருப்பான் லா. நான் பாக்கலையே," என்றாள்.

பஸ் முழுக்க அந்த அட்டையை நம்பியது. தமிழ் படிக்கத் தெரியாதவர்கள் மணியண்ணனிடம் கேட்டுக்கொள்வார்கள். அவர் வண்டியை ஓட்டிக்கொண்டே மலாயில் சொல்லுவார், எந்தப் பக்கத்துச் செய்தி என்பதையும் மறக்காமல் சேர்த்து.

ஒரு ஞாயிறு அவள் தங்கைக்குக் கல்யாணம். பந்தயத்தை நீ பார்த்துச் சொல் என்று என்னிடம் ஒப்படைத்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் மத்தியானச் சோற்றைத் தின்றுவிட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னாலேயே அடித்துப் போட்டதுபோலத் தூங்கிவிட்டேன். எழுந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சாயங்காலம் தேத்தண்ணிக் கடையில் ஒருவன், சிவப்பு ஹெல்மெட்காரர் விழுந்துவிட்டார், கால் போய்விட்டது, இனி அவர் ஓட்டப்போவதில்லை என்றான். இன்று கைப்பேசி சாகடித்தது இதே சிவப்பு ஹெல்மெட்காரரைத்தான். எங்கள் பஸ்ஸுக்கே அவர்தான் செல்லப்பிள்ளை.

மறுநாள் சந்திரா எழுதாத அட்டையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். விரலெல்லாம் மருதாணி. நான் சொல்லச் சொல்ல முகம் வாடிப்போனது. பேனாவைத் திறந்தவள் நிறுத்தி, "நீ பாத்தியா?" என்று கேட்டாள்.

பஸ்ஸே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. "பாத்தேன்," என்றேன்.

என் கண்ணைத் தன் கண்ணாக நம்பி முதல் பக்கத்தில் எழுதினாள். மணியண்ணன் முன்கண்ணாடியில் அந்த வீரரின் படத்தை ஒட்டியிருந்தார். சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது அதை உரித்தார். பாதிதான் வந்தது.

மத்தியானம் கேண்டீனுக்கு வந்த பத்திரிகையில் உண்மை இருந்தது. விழுந்தது வேறொருவர், எங்கள் ஆள் மூன்றாவதாக வந்திருந்தார். சாயங்கால பஸ்ஸில் அந்த வரியை அடித்துவிட்டு, கீழே 'தவறு. எழுதியது நான்' என்று சந்திரா கையெழுத்துப் போட்டிருந்தாள். என் பெயர் இல்லை. என்னை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. நாலு பேர் முன்னால் திட்டியிருந்தால் அன்றே தப்பித்திருப்பேன்.

அதன்பிறகு நான் சொன்னதெல்லாம் இரண்டாம் பக்கம்தான். அடுத்த வருஷம் லீவு போட்டு, பஸ் ஏறி, செப்பாங் பந்தயத் திடலுக்கே போய் வெயிலில் தோல் உரிய உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தேன். வளைவு வளைவாக விவரித்தேன். பொறுமையாகக் கேட்டுக் 'கேட்டது' பக்கம் எழுதினாள்.

"எனக்கு இது கேட்டதுதானே," என்றாள். குரலில் குத்தல் இல்லை, அதுதான் குத்தியது.

டிக்கெட் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். காட்டினால், அப்போ அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்ததற்கு டிக்கெட் எங்கே என்பதுபோல ஒரு பார்வை பார்ப்பாளே! பாலம் தாண்டும்வரை பையைக் கையால் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிறகு அது சட்டையோடு துவைபட்டுப் போனது.

உண்மையைச் சொல்ல எத்தனையோ திங்கட்கிழமைகள் இருந்தன. இறங்கி ஓட முடியாத பஸ்ஸில் ஒவ்வொரு வாரமும் அந்தக் கோட்டுக்கு எதிரே உட்கார்ந்தேன், வாயைத் திறக்கவில்லை. மணியண்ணன் வேலையை விட்டார். பிறகு சந்திராவும் ஓய்வு பெற்றாள். பஸ்ஸில் அவரவர் கைப்பேசியும் அவரவர் செய்தியும் ஆனது.

போன வருஷம் கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளக்குப் படம் வந்தது. சந்திரா தவறிவிட்டாள் என்று போட்டிருந்தது. யார் பார்த்தது என்று கேட்டேன். ஒருவரும் இல்லை, எல்லாருக்கும் யாரோ அனுப்பியது. பொய்யாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே ஆயர் ஈத்தாமுக்குப் போனேன். அடுக்குமாடியில் அவள் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. தங்கை என்னை அடையாளம் கண்டு உள்ளே கூட்டிப்போனாள். பார்த்தேன். அழுதேன். கீழே வந்து குழுவில் 'நான் பார்த்தேன்' என்று எழுதினேன்.

உடனே எல்லாரும் நம்பினார்கள். சந்திரா மட்டும் இருந்திருந்தால் இதையும் கேட்டது பக்கம்தான் போட்டிருப்பாள்.

பஸ் இன்னும் நகரவில்லை. சிவப்பு ஹெல்மெட்காரர் இருக்கிறாரா இல்லையா, அதுவும் தெரியவில்லை. அந்த அட்டை இல்லை, பாதிப் படம் ஒட்டிய கண்ணாடி இல்லை. 'பாக்கல சந்திரா, தூங்கிட்டேன்.' இவ்வளவுதான் விஷயம். இப்போது சுலபமாக வாயில் வருகிறது, சொல்லத்தான் ஆள் இல்லை.