எண்பது கோல்

மலைமேல் குண்டனி நாட்டில், கரையங்காடு என்ற ஊர்ச் சின்னக்கண்ணுவுக்கு முப்பத்தாறாவது வயதில் கை கெட்டுப்போனது. நோய் நொடி ஒன்றும் இல்லை. மரம் வெட்டினான், பலாவில் ஏறினான், சாமைக் காட்டை உழுதான். கிட்டிப்புள் ஆடும்போது மட்டும் கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. இதெல்லாம் ஒரு கதையா என்று சிரிக்காதீர்கள். அங்கே அது பிள்ளைகள் விளையாட்டு இல்லை.

பொங்கல் கழிந்த மறுநாள் கரையங்காடும் பக்கத்துப் பள்ளக்குழியும் ஆடும். தோற்ற ஊர் அடுத்த தை வரைக்கும் ஜெயித்த ஊருக்கும் சேர்த்து அடிவாரச் சந்தையிலிருந்து உப்பு சுமக்க வேண்டும். கடைசி அடியைக் கோட்டை விட்டவன் வீட்டுக்குத்தான் பெரிய மூட்டை. அது வெள்ளைக்காரன் காலம், மலைக்கு ரோடு கிடையாது, செங்குத்தான ஒற்றையடிப் பாதைதான். மிளகை இறக்குவது ஆண்கள், உப்பை ஏற்றுவது பெண்கள் என்று வழக்கம் வேறு. ஆடுகிறவன் ஒருவன், சுமக்கிறவள் ஒருத்தி. என்ன நியாயமோ போங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷத் தையில் சின்னக்கண்ணு அடித்த புள் வலப்பக்கம் சாய்ந்து, பள்ளக்குழிக் கருப்பண்ணன் கையில் போய் உட்கார்ந்தது. அடுத்த தையிலும் அதே மாதிரி, அதே கருப்பண்ணன். ஊரே வைத்தியம் சொன்னது. கோலை இறுக்கிப் பிடி என்றார்கள், காலை அகட்டி நில் என்றார்கள். அவனாக வழக்கத்தைவிட ஒரு சாண் கூடுதல் நீளமாகக் கோல் வெட்டினான். தூரத்தை அளப்பதே அந்தக் கோலால்தான். கோல் நீண்டால் எண்ணிக்கை குறையும். அது கூடத் தோன்றாத அளவுக்கு மனுஷன் குழம்பிக் கிடந்தான்.

இரண்டு வருஷமும் உப்பு சுமந்தது அவன் மனைவி பாப்பாயி. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தாலாவது அவனுக்குச் சோறு இறங்கியிருக்கும். இரண்டாம் வருஷம் மார்கழியில் அவளுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. திரும்பிப் பார்க்க வேண்டுமானால் உடம்போடு திரும்பினாள். இன்னொரு வருஷம் சுமை ஏற்றினால் அந்தக் கழுத்து தாங்காது. விலகிக்கொள்ளலாம் என்றால் வழக்கம் விடாது. தோற்றவனே மறு வருஷமும் கடைசி அடி அடிக்க வேண்டும், ஜெயித்த பிறகுதான் விலகலாம்.

யார் கண்ணிலும் படக்கூடாது என்று விடியற்காலைப் பனியில் தனியாகப் போய் அடித்துப் பழகினான். காலடிக் குழிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனி. வெயில் ஏறியதும் புள்களைப் பொறுக்கப் போனான். அடித்த பத்துப் புள்ளும் நேர்க்கோட்டில் கிடந்தன. எவனோ விளையாட்டுக் காட்டுகிறான் என்றுதான் முதலில் நினைத்தான். மறுநாளும் அப்படியே கிடக்கவும் உறைத்தது. பார்க்க எதுவும் இல்லாததால் பனியில் தலை நிமிரவில்லை. வெயிலில் கோல் படும் முன்பே கண் கருப்பண்ணனைத் தேடி ஓடியிருக்கிறது, கையும் கூடவே போயிருக்கிறது. கெட்டது கையே இல்லை. கோல் பட்ட பிறகும் குழியையே பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டான்.

ஆட்டத்தன்று பாழாய்ப்போன பனி ஒரு பொட்டு இல்லை. கரையங்காடு ஜெயிக்க எழுபத்தெட்டுக் கோல் வேண்டும். கருப்பண்ணன் எதிரே நின்று, மாமனுக்கு உப்பு கரிக்குதா என்று கேட்டான். சின்னக்கண்ணு குனிந்தான். புள்ளின் நுனியைத் தட்டினான், எழும்பியதை அடித்தான். குழியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தபோது எதிரே முழங்கால் உயரப் புல்தான் இருந்தது, புள் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை.

இனிமேல்தான் சங்கடம். அடித்தவன் நின்ற இடத்திலிருந்தே இத்தனை கோல் என்று கேட்க வேண்டும். குறைத்துக் கேட்டால் கேட்டதுதான் கணக்கு. கூட்டிக் கேட்டு அளவில் ஒரு கோல் குறைந்தாலும் எல்லாம் போச்சு. தன் ஊர்க்காரர்கள் ஜாடை காட்டக்கூடாது. பாப்பாயி ஓடிப்போய், யாரும் புள்ளை நகர்த்திவிடாதபடி பக்கத்தில் காவல் நிற்பாள். அதுவும் அவன் எண்ணைச் சொன்ன பிறகுதான். இப்போது அவள் தரையைப் பார்த்தபடி நின்றாள். சின்னக்கண்ணு பயந்தான், நன்றாகவே பயந்தான். ஆனால் அடித்த அடி உள்ளங்கையில் இன்னும் இருந்தது. பனியில் விழுந்த அதே அடி.

"எம்பதுங்க" என்றான்.

கருப்பண்ணன்தான் அளந்தான். எழுபது தாண்டியதும் அவன் வாய் எண்ணுவதில் சுருதி இறங்கியது. எண்பதாவது கோலை வைத்துவிட்டு நிமிர்ந்தான். புள் இன்னும் முன்னால் கிடந்தது. கரையங்காடு கத்திய கத்தலில் மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டன. பாப்பாயி அந்தச் சத்தத்தில் கலந்துகொள்ளவில்லை. கோலை வாங்கி, மீதித் தூரத்தையும் தானே அளந்தாள். பிறகு உடம்போடு திரும்பி அவனைப் பார்த்தாள்.

"ஏனுங்க, பதினோரு கோல சும்மா உட்டுட்டீங்களே. உங்க கைய நம்பறதுக்கு உங்களுக்கு அத்தன கசப்புங்களா?"

இரண்டு வருஷத்தில் அவள் அவனைத் திட்டியது அது ஒன்றுதான். சின்னக்கண்ணு குழியோரத்திலேயே உட்கார்ந்து, ஊர் பார்க்கிறதே என்றுகூட நினைக்காமல் அழுதான்.