ஏழாம் எண் மேசையின் மற்ற மூன்று நாட்கள்

ஜூன் 12, வியாழன்: புள்ளியியலில் முதுகலைச் சான்றிதழ் கைக்கு வந்தது. ஜூன் 13 முதல் 30 வரை: அனுப்பிய விண்ணப்பங்கள் நாற்பத்தொன்று, வந்த பதில்கள் மூன்று, மூன்றும் பகுதிநேர வேலை. ஜூலை 1, செவ்வாய்: மூன்றையும் ஒப்புக்கொண்டாள்.

இவ்விவரங்களை அவளே ஒரு நீல அட்டை நோட்டில் குறித்து வைத்திருந்தாள். எதையும் எழுதி வைக்காமல் அவளுக்கு நாள் நகராது. அதனால் உடன் படித்தவர்கள் அவளுக்குப் 'பேரேடு' என்று பட்டம் சூட்டியிருந்தார்கள்.

செவ்வாய், வியாழன், சனி காலைகளில் ஒரு கல்லூரியில் வாரம் ஒன்பது மணி நேரம் பாடம். அந்நாட்களின் பிற்பகலில் ஓர் அச்சகத்தில் தேர்வு வழிகாட்டிகளின் விடைப் பக்கங்களை மெய்ப்புப் பார்க்க வேண்டும். மற்ற நாட்களில் ஓர் ஆய்வு நிறுவனத்துக்காகத் தொலைபேசியில் முகம் தெரியாதவர்களிடம் சலவைத்தூளைப் பற்றிக் கருத்துக் கேட்க வேண்டும். பாதிப் பேர் கேள்வி முடிவதற்குள் வைத்துவிடுவார்கள். ஒருவர் மட்டும் பதினாறு கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டுத் தமக்குத் துவைக்கத் தெரியாது என்றார்.

கல்லூரியில் அவளுக்குக் கிடைத்த மேசையின் எண் ஏழு. கிடைத்தது என்பதும் முழு உண்மையன்று.

"செவ்வாய், வியாழன், சனி உங்களுக்கு. மத்த மூணு நாள் இன்னொரு பகுதிநேர வாத்தியாருக்கு," என்றார் அலுவலக எழுத்தர்.

"இழுப்பறை?"

"அதுவும் ரெண்டு பேருக்கும்தான். சாவி இந்த ஆணியில தொங்கும்."

அந்த மற்றொருவரை அவள் பார்த்ததே இல்லை. ஆனால் அவர் விட்டுச்செல்லும் தடயங்கள் நாளுக்கு நாள் பெருகின. முழுதாக வைத்த சுண்ணக்கட்டி அரையாகியிருந்தது. நெடுவாக்கில் வைத்த பாடக்குறிப்பு நோட்டு குறுக்குவாக்கில் கிடந்தது. ஒருமுறை உள்ளே ஒரு சீப்பு கிடந்தது. சீப்பை வெறும் மறதி என்று விட்டுவிடலாம். பாடக்குறிப்பு தானாகத் திரும்பிப் படுக்காது. நீல நோட்டில் 'இழுப்பறை நிலை' என்று தனிப் பக்கம் ஒதுக்கினாள்.

ஆகஸ்ட் 19 அன்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஏறியது. புள்ளியியல் துறையில் முழுநேரப் பணியிடம் ஒன்று. வாரம் பதினெட்டு மணி நேரம். நேர்காணலோடு மாதிரி வகுப்பும் உண்டு. அது கிடைத்தால் அச்சகத்துக்கும் சலவைத்தூளுக்கும் ஒரு கும்பிடு போடலாம். அன்றே விண்ணப்பித்தாள். பிறகுதான் எழுத்தரிடம் பேச்சுவாக்கில் கேட்பதுபோல் கேட்டாள்.

"சார், அந்த இன்னொருத்தர் எப்படிப்பட்டவர்?"

"வருவார், போவார். ஆனா உங்களைப் பத்தி விசாரிச்சார்."

"என்னன்னு?"

"இப்ப நீங்க கேட்டீங்களே, அதேதான்."

அவரும் அந்தப் பணியிடத்துக்கு விண்ணப்பித்திருப்பார் என்று அவள் கணக்குப் போட்டாள். போட்டியில் இருப்பவன் வேவு பார்க்கிறான் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

வீட்டில் அம்மா தையல் இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார். துணிக்கடைக்காக ஆயத்த ஆடைகளின் அளவைக் கூட்டிக் குறைத்துத் தருவது அம்மாவின் வேலை.

"பாட நோட்டை வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டா போச்சு. அதுக்கு ஏன்டி இந்த மூஞ்சி?"

"எடுத்துட்டு வந்தா எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சுடும்மா."

"தெரிஞ்சா என்ன, தூக்குலயா போடுவாங்க? போய்ச் சாப்பிடு."

அவள் சாப்பிடவில்லை, பொறி வைத்தாள். ஆகஸ்ட் 28, வியாழன்: பாடக்குறிப்பின் 14, 22, 31 ஆம் பக்கங்களில் சரியான விடைகளை அடித்துவிட்டுப் பிழையான விடைகளை எழுதினாள். திருடுபவர் பிழையையும் சேர்த்தே திருடுவார். மாதிரி வகுப்பில் அதுவே அவரைக் காட்டிக்கொடுக்கும்.

சனிக்கிழமை இழுப்பறையைத் திறந்தாள். மூன்று பிழைகளும் பென்சிலால், எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில், திருத்தப்பட்டிருந்தன. 37 ஆம் பக்கத்திலும் அதே எழுத்து. அங்கே அவள் பிழை எதுவும் வைக்கவில்லை. பத்துப் பேரிடம் எடுத்த மாதிரியின் பரவலை அளக்கும் கணக்கில் அவள் பத்தால் வகுத்திருந்தாள். 'ஒன்பதால் வகுக்கவும்' என்றது பென்சில்.

அந்தக் கணக்கைத்தான் மாதிரி வகுப்புக்குத் தேர்ந்து வைத்திருந்தாள். ஆக, எதிராளியும் பொறி வைத்துவிட்டார் என்று முடிவு கட்டினாள். நூலகத்துக்குப் போய் ஒரு புத்தகத்தைப் புரட்டினாள்: எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்தே வகுக்க வேண்டும்; ஒன்பது. அந்தப் புத்தகத்தையும் நம்பாமல் இன்னும் இரண்டைப் புரட்டினாள். ஒன்பது, ஒன்பது. செவ்வாய்க்கிழமை வகுப்பில் நாற்பத்தாறு மாணவர்களுக்கு அவள் பத்து என்று சொல்லிக்கொடுத்திருந்தாள்.

"உதவி செஞ்ச மனுஷனையும் சந்தேகப்படுறியே," என்றார் அம்மா.

"சும்மா யாரும் திருத்த மாட்டாங்கம்மா. ஏதோ கணக்கு இருக்கு."

"இந்தப் படிப்புக்கு உன்னைப் போலீஸ்ல சேர்த்திருக்கலாம்."

செப்டம்பர் 11, வியாழன். நேர்காணலுக்கு வந்த பதினோரு பேர் தாழ்வாரத்துப் பெஞ்சுகளில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில், காதோரம் நரைத்த ஒருவர் பென்சிலால் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். எறும்பு எழுத்து. அவள் உற்றுப் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார்.

"செவ்வாய், வியாழன், சனிங்களா?" என்றார்.

"திங்கள், புதன், வெள்ளிங்களா?"

"ஆமா. என் பேனா ஒண்ணு காணாம போச்சு. நீங்கதான் எடுத்தீங்கன்னு ஒரு மாசமா நெனச்சிட்டிருக்கேன்."

"உங்க பேனாவை நான் எதுக்கு சார் எடுக்கணும்?"

"அதுதான் எனக்கும் புரியல. அதான் உங்க பாட நோட்டுக்குள்ள தேடிப் பார்த்தேன்."

இதைச் சொல்ல அவருக்குக் கூச்சமே இல்லை. அவளுக்குச் சூடேறியது.

"தேடினவர் ஏன் திருத்தினீங்க?"

"மூணு தப்பு நீங்க வேணும்னே வெச்சது. சும்மா சீண்டிப் பார்த்தேன்."

"வேணும்னு எப்படிச் சொல்றீங்க?"

"மூணும் பச்சை மை. 'பின்னர் செய்யும் மாற்றங்கள் அனைத்தும் பச்சை மையில்'னு முதல் பக்கத்துல நீங்களே விதி எழுதி வெச்சிருக்கீங்களேம்மா. பொறி வைக்கும்போது கூடவா விதியை மீறக்கூடாது?"

முன்பெஞ்சில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவள் தன் பைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள். கை தன்பாட்டில் பச்சைப் பேனாவை எடுத்த அந்தக் கணம் இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"நாலாவது?" என்றாள், குனிந்தபடியே.

"அது நிஜத் தப்பு. உங்க பிள்ளைங்கதான் எங்கிட்டயும் படிக்கிறாங்க. 'அந்த மிஸ் பத்துங்கிறாங்க, நீங்க ஒன்பதுங்கிறீங்க'ன்னு வெள்ளிக்கிழமை பிச்சு எடுத்துட்டாங்க. சொல்லாம விட்டுடலாமான்னு ஒரு மணி நேரம் யோசிச்சேன். பொய் சொல்லல."

அந்த ஒரு மணி நேரத்தை அவர் ஒத்துக்கொண்டதுதான் அவளைச் சற்றே நம்பவைத்தது. முற்றிலும் நல்லவராக நடித்திருந்தால் நம்பியிருக்க மாட்டாள். உள்ளே அழைத்தபோது கரும்பலகையில் ஒன்பதால் வகுத்தாள். மூவர் குழு தலையசைத்தது. நடுவில் இருந்தவர் மட்டும் தலையசைக்கும்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்; அதையும் நோட்டில் குறித்தாள்.

செப்டம்பர் 18 காலை பலகையில் முடிவு ஒட்டப்பட்டிருந்தது. தம் நாள் இல்லாதபோதும் நரைத்தவர் வந்திருந்தார். இருவரும் ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் எட்டிப் படித்தார்கள். முழுநேரப் பணியிடம் கைவிடப்படுகிறது. அதன் பதினெட்டு மணி நேரம் மூன்று பகுதிநேரப் பணிகளாகப் பிரிக்கப்படுகிறது. இப்போதைய பணிக்குப் பதிலாக முதல் இரண்டில் இவர்கள் தொடரலாம். மூன்றாவது பெயர் இருவருக்கும் அறிமுகமில்லாதது.

"இந்த ஆளை உங்களுக்குத் தெரியுமா?" என்று அவர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"தெரியாது. ஆனா மூணு பங்கா பிரிக்கப்போறாங்கன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமோன்னு பார்த்தேன்."

"நானும் உங்களை அதைத்தான் கேக்கலாம்னு இருந்தேன்."

எழுத்தர் ஆணியிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். புதியவர் வெள்ளியும் சனியும் வருவார் என்றும், இழுப்பறை மூவருக்கும் பொது என்றும் சொன்னார். அவள் நீல நோட்டைப் பிரித்து, ஜூலை 1 ஆம் தேதிக்கு எதிரே, கல்லூரி மணிக்கணக்கில் இருந்த ஒன்பதைப் பச்சை மையால் அடித்தாள்.

செப்டம்பர் 18, வியாழன்: கல்லூரி, வாரம் 6 மணி நேரம்.