மாமி மாற்றிப் போட்ட முதலிடம்

2005-ஆம் வருடக் கோடை. எனக்கு இருபது வயது. கோட்டக்குப்பத்திலிருந்து மரக்காணத்துக்கு மருமகளாக வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கணவருக்கு துபாயில் வேலை. கல்யாணத்துக்கு எடுத்த லீவு முடிந்து கிளம்புவதற்கு முதல் நாள், பாண்டிச்சேரி போய் ஒரு டிவி கேம் வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு பொம்மைத் துப்பாக்கி, மஞ்சள் கலரில் ஒரு கேசட். "போர் அடிச்சா ஆடு" என்று என் கையில் கொடுத்தார். என் இரண்டு தம்பிகளோடு ஜாய்ஸ்டிக்குக்காக முடியைப் பிடித்துச் சண்டை போட்டு வளர்ந்தவள் நான் என்பதைக் கல்யாணமான முதல் வாரமே அவரிடம் உளறியிருந்தேன்.

எங்கள் வீடு உப்பளத்தைப் பார்த்தாற்போல ரோட்டோரத்தில் இருந்தது. மாமனாருக்கு உப்பு வியாபாரம். உப்பு எடுக்கிற சீசன் என்பதால் காலைத் தொழுகை முடிந்த கையோடு போனால் பொழுது சாயும்போதுதான் வருவார். மற்ற நேரமெல்லாம் வீட்டில் நானும் மாமியாரும் மட்டும்தான்.

மாமி பேச மாட்டார். "சாப்ட்டியா?", "கதவ சாத்திக்கோ." ஒரு நாளைக்கு இதைத் தாண்டி நாலு வார்த்தை வந்தால் அதிசயம். கோட்டக்குப்பத்தில் எங்கள் தெருவில் வாய் ஓய்ந்து நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்தவளுக்கு இந்த அமைதி காதைக் குடைந்தது.

மத்தியானத்தில் டிவி கேம் போட்டுக்கொண்டு உட்காருவேன். கொஞ்ச நேரத்தில் மாமி வந்து கதவோரம் நிற்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். வீட்டுக்கு வந்த மருமகள் சின்னப் பிள்ளை மாதிரி கார் ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என்று நினைக்கிறார் போல என்று எனக்குள் கூசும். சட்டென்று ஆஃப் செய்துவிட்டு, இல்லாத வேலையைத் தேடிப் போவேன். பிறகு சத்தத்தைக் குறைத்துவிட்டு ஆட ஆரம்பித்தேன். அதற்கும் பிறகு, அவர் செருப்புச் சத்தம் முற்றத்தில் கேட்டாலே கை தானாக சுவிட்சுக்குப் போனது.

பேச ஆள் இல்லாதபோது மனுஷிக்கு என்னென்னவோ தோன்றும். எனக்குத் தோன்றியது, எனக்குப் பிடித்த கேம்களுக்கு ரேங்க் போடுவது. கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன். முதல் ரேங்க் கார் ரேஸுக்கு. இரண்டாவது, தொப்பிக்காரன் காளான் தின்று தாவித் தாவிப் போகிற ஆட்டம். மூன்றாவது செங்கல் அடுக்குவது. வேகம் கூடக்கூட நெஞ்சு படபடக்கும், அதனால் ஒரு மார்க் குறைத்தேன். நான்காவது வாத்து சுடுவது. கடைசி, ஐந்தாவது இடம் டேங்க் கேமுக்கு. நம் கழுகுச் சின்னத்தை எதிரி டேங்குகள் உடைத்துவிடாமல் காவல் காக்கிற ஆட்டம் அது. பக்கத்திலேயே காரணமும் எழுதினேன்: "தனியா ஆடினா செம போர்." தாளை டிவி ஸ்டாண்டில் ஒட்டிவைத்தேன்.

கணவர் கிளம்பி மூன்று வாரம் ஆனபோது ஒரு வியாழக்கிழமை என்னால் முடியவில்லை. மாமி கொல்லைப் பக்கம் இருக்கிறார் என்று நினைத்து, வீட்டு போனிலிருந்து என் தகப்பனாரை, அத்தாவைக் கூப்பிட்டு அழுதுவிட்டேன். "மாமிக்கு என்னப் புடிக்கல அத்தா. வந்து கூட்டிட்டுப் போங்க." அத்தா ஒன்றும் விசாரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை டிவியைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன். என் ரேங்க் தாளில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். ஐந்தாவது இடத்திலிருந்து நீல மையில் ஒரு அம்புக்குறி நெளிந்து நெளிந்து மேலே போயிருந்தது. அதன் முனையில், "இதுதான் ஒண்ணு."

மாமனார் கேம் இருக்கும் பக்கமே வர மாட்டார். அப்படியென்றால்? யோசிக்க யோசிக்க வேறு சில சங்கதிகளும் ஞாபகம் வந்தன. உப்புக் காற்றில் அந்தக் கேசட்டின் அடியில் இருக்கிற செம்புப் பின் இரண்டு நாளைக்கு ஒரு முறை கறுத்துப்போகும். ஆனால் கொஞ்ச நாளாக நான் துடைக்காமலே பளிச்சென்று இருந்தது. ஸ்டாண்டின் மேல், பின்னைத் தேய்த்த அழிரப்பர் துகள் கிடந்தது. என் வீட்டில் யார் அழிரப்பர் வைத்திருக்கிறார்கள்?

அன்று மத்தியானம் அறைக்குள் போய்த் தூங்குவதுபோலப் படுத்துக்கொண்டேன். பத்து நிமிடம் போயிருக்கும். டிவியிலிருந்து மெல்லிசாக, டுப் டுப்பென்று குண்டு போடுகிற சத்தம். பூனை மாதிரி எழுந்து போய் எட்டிப் பார்த்தேன்.

மாமி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். முக்காடு தோளில் விழுந்து கிடந்தது. நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, டேங்க் திரும்புகிற பக்கமெல்லாம் தானும் சாய்ந்துகொண்டு ஆடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறி சுவிட்சை அணைத்தாரே, பார்க்க வேண்டும்! அச்சு அசல் நான்தான்.

"உப்புக் காத்துல பின்னு துருப்புடிக்குதேன்னு தொடச்சேன்" என்றார், ஜாய்ஸ்டிக்கைக் கையில் வைத்துக்கொண்டே.

எனக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. அவர் முதலில் முறைத்தார். பிறகு அவருக்கும் உதடு நெளிந்தது. "ஏன் மாமி, எங்கிட்ட கேட்டிருக்கலாமில்ல?" என்றேன்.

"எங்க கேக்கறது? நான் வந்து நின்னாலே நீ ஆஃப் பண்ணிட்டு எந்திரிச்சிப் போயிடுற. பாக்க ஆசையா இருக்கும், அதான் வந்து நிப்பேன். சரி, நான் வர்றது இந்தப் பொண்ணுக்குப் புடிக்கலபோலன்னு போயிடுவேன்."

யாரோ என் முதுகில் பளாரென்று வைத்தது போல இருந்தது. மூன்று வாரமாக நான் இவரைப் பற்றி என்ன நினைத்தேனோ, அதையே இவர் என்னைப் பற்றி நினைத்திருக்கிறார். சுருட்டி வைத்திருந்த இரண்டாவது ஜாய்ஸ்டிக்கைப் பிரித்து மாட்டினேன்.

அதன் பிறகு நடந்ததுதான் கூத்து. மாமி கழுகை விட்டு இம்மியும் நகராமல் காவல் நிற்பார். நான் மேலே போய் எதிரிகளை அடிப்பேன். ஆனால் அசைவதையெல்லாம் சுடுவது மாமியின் வழக்கம். அவர் குண்டு பட்டால் என் டேங்க் கொஞ்ச நேரம் நகராமல் நின்றுவிடும். அன்று மாலை மாமனார் வந்து கதவைத் தட்டிய பிறகுதான் உலை வைக்காதது இருவருக்கும் ஞாபகம் வந்தது.

இந்தச் சந்தோஷத்தில் ஒரு விஷயம் சுத்தமாக மறந்துபோனது. அத்தாவுக்கு போன் செய்து, வர வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. இருபதாவது ஸ்டேஜ். அத்தா வெயிலில் பஸ்ஸை விட்டு இறங்கி, வழியெல்லாம் சம்பந்தியிடம் என்ன பேசுவது என்று மனப்பாடம் செய்துகொண்டு, எங்கள் வாசலில் நின்று மூன்று முறை சலாம் சொல்லியிருக்கிறார். பதில் இல்லை. அந்த நேரம் பார்த்து நான் உள்ளேயிருந்து அலறினேன்.

"ஐயோ மாமி! சுடாதீங்க! என்னச் சுடாதீங்க மாமி!"

மகளைக் கட்டிக்கொடுத்த தகப்பன் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? செருப்பைக்கூடக் கழற்றாமல், "ஏம்மா!" என்று கத்திக்கொண்டு உள்ளே பாய்ந்து வந்தார். வந்தவர் கண்டது, தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களையும், டிவியில் நடந்துகொண்டிருந்த சண்டையையும்தான். மாமி முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு சுவரோரம் ஒண்டினார். அத்தா அப்படியே நாற்காலியில் சாய்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்தார். வேர்வையைத் துடைத்தாரா கண்ணைத் துடைத்தாரா, எனக்குத் தெரியவில்லை.

தண்ணீர் குடித்த பிறகு, "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

மாமி தலை நிமிராமல் சொன்னார். "கூட்டிட்டுப் போகத்தானே வந்தீங்கண்ணே. அன்னைக்கு புள்ள போன்ல அழுதத நான் கேட்டுட்டேன். எனக்கு நாலு வார்த்த சேத்துப் பேச வராது. எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு நாளா தெரியல. அதான் அந்தத் தாள்ல எழுதினேன்."

அந்த அம்புக்குறியை நான் வெறும் குறும்பு என்றுதான் நினைத்திருந்தேன். தனியாக ஆடினால் போர் என்று நான் எழுதிய ஆட்டத்தை எதற்காக முதல் இடத்தில் வைத்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுந்து போய் மாமியின் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். "நான் வரல அத்தா" என்றேன். "இன்னும் பதினஞ்சு ஸ்டேஜ் இருக்குது."

அத்தா மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு, கார் ரேஸில் ஏழு முறை பள்ளத்தில் விழுந்துவிட்டு, நாலு மணி பஸ்ஸில் சிரித்துக்கொண்டே ஊருக்குப் போனார். என் முதல் ரேங்க் அன்றிலிருந்து மாறவில்லை. எத்தனையோ புதுப்புது கேம் வந்துவிட்டது, டேங்கைத் தாண்டி ஒன்றும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒருவர் பேசாமல் நிற்பதற்கு நானே ஒரு அர்த்தம் வைத்துக்கொண்டு அழுத அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. அதனால் இப்போதெல்லாம் யாராவது ஒன்றும் சொல்லாமல் என் பக்கத்தில் வந்து நின்றால், "உக்காருங்க" என்று கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை பார்க்கிறேன்.