எர்த் கொடுக்காத ஒரு முனை

மின்வாரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எங்கள் பெரம்பலூர் வீட்டின் சுவிட்ச் போர்டுகள் அனைத்தையும் கழற்றித் துடைத்து மாட்டினேன். எதிலும் குறை இல்லை. குறை இல்லாதது எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது. எந்த ஃபியூஸ் எந்த அறைக்கு என்று எழுதி ஒட்டினேன். வீட்டில் இருப்பது இரண்டு பேர், இருவருக்கும் அது தெரியும், ஆனாலும் ஒட்டினேன். என் மனைவி அதை ஒருமுறை படித்துப் பார்த்தாள். பக்கத்து வீட்டம்மாவிடம், "உங்க வூட்டுல எதாவது ரிப்பேரு இருந்தா சொல்லுங்க, இவர அனுப்பி வைக்கிறேன்" என்று சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

அந்த வாரம்தான் திருமானூரிலிருந்து அக்கா போன் செய்தாள்.

அக்கா பள்ளி ஆசிரியையாக இருந்து எனக்கு முன்பே ஓய்வு பெற்றவள். அத்தான் போன பிறகு தனியாக இருக்கிறாள். தனியாக என்றால் ஒரு மினி பைக்கோடு. சின்னச் சக்கரம், தாழ்ந்த சீட், ஐம்பது சிசி எஞ்சின். தயாரித்த கம்பெனியே அதை மறந்து பல காலம் ஆகிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கியது. பள்ளிக்கூடத்துக்கும், பிறகு ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கும் அதில்தான் போவாள். கோயில் பாடற்குழுவில் முதல் குரல் அவளுடையது. மற்றவர்கள் சுருதி பிசகினால் பாட்டை நிறுத்தாமலே திரும்பி முறைப்பாள்.

அந்த வண்டியின் மின்சாரம் ஆறு வோல்ட். ஹெட்லைட் நேராக எஞ்சினுக்குள் இருக்கும் காயிலிலிருந்து எரியும். வேகமாகப் போனால் வெளிச்சம் வரும், மெதுவாகப் போனால் மங்கும். பள்ளம் வருகிறது என்று வேகத்தைக் குறைத்தால் அந்தப் பள்ளம் தெரியாது. இப்படி ஒரு விளக்கைத் துறையில் யாராவது எனக்கு அனுப்பியிருந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் போட்டிருப்பேன். அக்கா அதோடு வாழ்ந்துவிட்டாள். தவக்காலத்தில் ஒரு சாயங்காலம் கோயிலிலிருந்து வரும்போது எதிரே ஒரு சிமெண்ட் லாரி கண்ணைப் பறிக்கிற விளக்கோடு வர, இவள் ஆக்சிலேட்டரை விட, வண்டி வாய்க்காலில் இறங்கிவிட்டது. முழங்கையில் சிராய்ப்புதான். ஆனால் சென்னையில் இருக்கும் அவள் மகனுக்குச் செய்தி போய்விட்டது.

அவன் சத்தம் போடவில்லை. பழைய வண்டிகளைச் சேர்க்கும் ஒருவரைப் பெரம்பலூரிலேயே தேடிப் பிடித்தான். கோயில் திருவிழாவுக்கு வரும்போது வண்டியை அவரிடம் ஒப்படைப்பதாகப் பேசிவிட்டான். அம்மா இனிமேல் ஆட்டோவில் போகலாம் என்றான். அக்கா அவனிடம் கேட்டு வாங்கியது ஒரே ஒரு சலுகை: திருவிழாவுக்கு முந்தைய ஒன்பது நாள் ஜெபமான நவநாள் முழுக்க இருட்டினபின் ஓட்டிக்கொண்டு வந்து காட்டுவாள், ஒரு தடவை தடுமாறினாலும் வண்டியைக் கொடுத்துவிடுவாள்.

"லைட்ட மட்டும் நீ பாத்துக்குடா" என்றாள் என்னிடம். "ஊருக்கெல்லாம் கரண்டு குடுத்தேன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறியே, எனக்கு ஒரு பல்பு எரிய வையி."

மறுநாளே ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டேன். அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு நடுவே சாப்பிட்ட தூசியைக் கூட நான் பொருட்படுத்தவில்லை. எனக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது.

ஆறு வோல்ட்டைப் பன்னிரண்டு ஆக்குவது பெரிய வித்தை அல்ல. காயிலை மெல்லிய கம்பியில் கூடுதல் சுற்றுகளோடு மறுபடி சுற்ற வேண்டும். அதிலிருந்து வருவதை ஒரு ரெகுலேட்டர் வழியாக பேட்டரிக்கு அனுப்பி, ஹெட்லைட்டை பேட்டரியிலிருந்து எரிக்க வேண்டும். பல்பு, ஹாரன், பேட்டரி எல்லாம் பன்னிரண்டுக்கு மாற வேண்டும். எஞ்சின் மெதுவாக ஓடினாலும் வெளிச்சம் குறையாது. இதை ஒரு மெக்கானிக் பிற்பகலில் முடித்துவிடுவான். நான் முறைப்படி செய்தேன். ஆகவே நாளாயிற்று.

எங்கள் துறையில் லைனில் கை வைக்குமுன் 'லைன் கிளியர்', அதாவது மின்சாரத்தை நிறுத்திவிட்டதாகக் கையெழுத்திட்ட அனுமதி, வாங்க வேண்டும். யார் வாங்கினாரோ அவர்தான் திரும்பக் கொடுக்க வேண்டும். அதுவரை அந்த லைனை வேறு யாரும் தொடக்கூடாது. நான் அக்காவின் போர்டிகோவில் வண்டியை நிறுத்தி, பேட்டரியைக் கழற்றி, 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' என்று அட்டையில் எழுதி ஹேண்டில்பாரில் தொங்கவிட்டேன். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். காயிலை அரியலூரில் பம்பு மோட்டார்களுக்குக் கம்பி சுற்றும் கடையில் கொடுத்தேன். அந்த ஆள் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, "இது எந்தக் கெணத்துக்கு சார்?" என்றார். அவர் சுற்றி முடிக்கும்வரை பக்கத்தில் நின்று பார்த்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும் முன்பெல்லாம் பிடித்ததில்லை.

காயிலைத் திரும்பப் பொருத்திவிட்டு, வண்டியை அக்கா உருட்டி உள்ளே வைத்துக்கொள்ளட்டும் என்று பெரம்பலூருக்குக் கிளம்பினேன். சாவியும் என்னோடு வந்துவிட்டது. மறுநாள் கோயிலில் கொடியேற்றம், நவநாளின் தொடக்கம். அக்கா பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், முதல் பாட்டு முடிந்த பிறகுதான் சேர்ந்தாளாம். ஹேண்டில் பூட்டியிருந்ததால் வண்டியை உள்ளேயும் உருட்ட முடியவில்லை.

"வண்டில போர்டு தொங்குது, ஆட்கள் வேலை செய்றாங்கன்னு" என்றாள் போனில். "ஆள எங்கடா காணோம்?"

அடுத்த நாள் வேலையை முடித்தேன். இங்கே ஒரு விஷயத்தை விளக்கியாக வேண்டும். பழைய அமைப்பில் காயிலின் ஒரு முனை வண்டியின் உடம்போடு சேர்ந்திருக்கும். அதாவது எர்த். நான் வாங்கிய ரெகுலேட்டருக்கு அப்படி இருக்கக்கூடாது. காயிலின் இரண்டு முனைகளும் தனித்தனியாக ரெகுலேட்டருக்குள் போக வேண்டும், ஒன்றும் வண்டியைத் தொடக்கூடாது. தொட்டால் பாதி மின்சாரம் வீணாகச் சுற்றி ரெகுலேட்டரைச் சுட வைக்கும். பேட்டரி நிரம்பாது. இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த முனையைப் பிரித்தேன், அதற்கு ஒரு பச்சைக் கம்பி நீட்டி ரெகுலேட்டரோடு சேர்த்தேன். எஞ்சினை ஓட்டி மீட்டர் வைத்துப் பார்த்தேன். பேட்டரி சரியாக ஏறியது. ஹெட்லைட்டில் எதிர்வீட்டுச் சுவரின் காரை பெயர்ந்த இடமெல்லாம் தெரிந்தது. அக்கா வாசலில் நின்று பார்த்தாள், உள்ளே போய் எனக்குப் பலகாரம் கொண்டுவந்தாள்.

அத்தோடு எழுந்திருக்க வேண்டும். சோதனை முடிந்த பிறகு எதையும் தொடக்கூடாது என்பதும் நடைமுறைதான். நான் தொட்டேன். கடைசியாக ஒரு முறை எல்லா இணைப்பையும் விரலால் தொட்டு வரும்போது அந்தப் பச்சைக் கம்பி கண்ணில் பட்டது. எங்கள் துறையில் பச்சை என்றால் எர்த்; இது எர்த் கொடுக்காத ஒரு பச்சைக் கம்பி. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என் உடம்புக்குத் தெரியாது. எர்த் இல்லாத மின்கம்பத்தையோ மோட்டாரையோ ஒரு காலத்திலும் நான் விட்டுவைத்ததில்லை. அக்கா பக்கத்தில் நின்று, பழைய வண்டிகளைச் சேர்க்கும் அந்தப் பெரம்பலூர்க்காரர் எந்தத் தெருவாம் என்று ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். பதில் சொல்லிக்கொண்டே கம்பியைக் கொஞ்சம் சீவி, அதிலிருந்து ஒரு கிளைக் கம்பியை இழுத்து, சீட்டுக்கடியில் வண்டியின் உடம்போடு சேர்ந்திருந்த போல்ட்டில் சுற்றி முறுக்கிவிட்டேன். மனது நிம்மதியாயிற்று.

முதல் சாயங்காலங்களில் ஒரு குறையும் இல்லை. புது பேட்டரி தன் கையிருப்பிலிருந்து எரிந்துகொண்டிருந்தது. அதற்குத் திரும்ப வரவேண்டியதில் பாதிகூட வரவில்லை என்பது யாருக்கும் தெரியவில்லை. நான் தினமும் போன் செய்து கேட்பேன். நல்லா எரியுது என்பாள். பிறகு ஒரு நாள், நல்லாத்தான் எரியுது, எனக்குத்தான் கண்ணு மங்குதோ என்னமோ என்றாள். அதைக் கேட்ட பிறகு எனக்கு உட்கார முடியவில்லை. என் மனைவி ஹெல்மெட்டை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

நான் போய்ச் சேர்ந்தது நவநாளின் கடைசி நாள். அக்காவின் மகன் காரோடு வந்திருந்தான். அம்மாவைக் காரில் கூட்டிப்போகிறேன் என்றான், மரியாதையாகத்தான். நான் வண்டியைச் சோதிக்குமுன்பே அக்கா புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு அதை உதைத்து ஸ்டார்ட் செய்தாள். "மாமா, நீங்க பின்னாடியே போங்க" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னான்.

போகும்போது வெயில் இருந்தது. திரும்பும்போது நன்றாக இருட்டிவிட்டது. கோயில் கூட்டத்தைத் தாண்டி, வயல் ரோட்டுக்கு வந்ததும் அவள் ஹெட்லைட் மஞ்சளாயிற்று, பிறகு சிவந்தது. முன்னால் ஒரு கரும்பு டிராக்டர், பின்விளக்கு என்ற ஏற்பாடே இல்லாமல், ஊர்ந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தது என் ஸ்கூட்டர் வெளிச்சத்தில்தான். பிரேக் பிடித்து, காலை ஊன்றி, ஓரமாக நிறுத்திவிட்டாள். விழவில்லை.

நான் இறங்கிப் போய் சீட்டுக்கடியில் கை விட்டேன். ரெகுலேட்டர் தோசைக்கல்லாக இருந்தது. விரல் பக்கத்திலிருந்த போல்ட்டைத் தொட்டதும் எல்லாம் புரிந்துவிட்டது.

"என்னடா பண்ணி வச்சிருக்க?"

"எர்த் குடுத்திருக்கேன்."

"அது நல்லதுதானே?"

"இதுக்கு நல்லதில்ல."

"தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சா குடுத்த?"

நான் சட்டைப் பையிலிருந்த டெஸ்டரைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். அவள் தன் போன் வெளிச்சத்தைக் காட்டினாள். வீட்டு வாசலில் மகன் நின்றுகொண்டிருப்பான் என்பதை இருவருமே நினைத்தோம். ரெகுலேட்டர் உள்ளே கருகியிருந்தால் செய்வதற்கு ஒன்றும் இல்லை, என் வெளிச்சத்தில்தான் அவள் வீடு போய்ச் சேர வேண்டும். அதைச் சொன்னேன்.

"ஒன் லைட்டுல வர்றதுக்கு அவன் கார்லயே வந்திருப்பேனே" என்றாள். பிறகு, "கழட்டுறதுக்கு யாருகிட்டயாவது கையெழுத்து வாங்கணுமா?"

போல்ட்டைத் தளர்த்தி அந்தக் கிளையை வெளியே இழுத்தேன். சீவிய இடத்தை மூட என்னிடம் டேப் இல்லை. அவள் கைப்பையிலிருந்து, செருப்புக் கடிக்கு வைத்திருந்த பிளாஸ்திரியை எடுத்துக் கொடுத்தாள். சுற்றினேன். ரெகுலேட்டர் ஆறட்டும் என்று நின்றோம். டிராக்டரின் சத்தம் தூரத்தில் தேய்ந்தது. எனக்கு நிற்க முடியவில்லை. ரோட்டோரம் நடந்தேன், திரும்பினேன், தொட்டுப் பார்த்தேன். அக்கா மைல்கல்லில் உட்கார்ந்து அன்று யார் சுருதி பிசகியது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

உதைத்தாள். எஞ்சின் பிடித்தது. விளக்கு முதலில் சிவப்பாகவே நின்றது. ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க மஞ்சளாகி, வெளுத்தது. என்னைப் பார்க்காமல் கிளம்பிவிட்டாள்.

நானும் பின்னால் போனேன். ஆனால் அவள் முன்னே ரோடு தெரிவது அவள் விளக்காலா, என்னுடையதாலா என்று எனக்குத் தெரிய வேண்டும். இப்போதைய ஸ்கூட்டர்களில் எஞ்சின் ஓடும்வரை ஹெட்லைட்டை அணைக்க முடியாது, அது சட்டம். பின்தங்கிப் பார்த்தேன், அப்போதும் என் வெளிச்சம் அவள் முதுகில் விழுந்தது. ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தேன்.

இருட்டில் அவள் வெளிச்சம் மட்டும் போயிற்று. கரும்புத் தோகை அதில் பச்சையாகத் தெரிந்து மறைந்தது. வளைவில் வேகம் குறைத்தாள், மங்கவில்லை. பிறகு மரங்களுக்குப் பின்னால் போய்விட்டது. நான் திரும்ப ஸ்டார்ட் செய்யாமல், பிளாஸ்திரி சூட்டில் இளகுமா, அதிர்வில் கழன்றுவிடுமா என்று அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

போன் அடித்தது. அக்கா.

"வந்துட்டேன். வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தான். லைட்ட அவன் மூஞ்சிக்கு நேரா அடிச்சுத்தான் வண்டிய நிறுத்துனேன். பழைய வண்டி சேக்குற அந்தப் பெரம்பலூராருக்கு வரவேணாம்னு போன் போட்டுக்கிட்டிருக்கான்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நீ எங்கடா நிக்கிற? லைட்டு எரியலையா? கார எடுத்துக்கிட்டு அவன வரச் சொல்லவா?"