நிரூபணத்துக்கு நேரமில்லை

எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. தீர வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

வீடு தாம்பரத்தில். திருமுடிவாக்கம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கணக்கு டீச்சர் வேலை. இரண்டுக்கும் நடுவே இன்னொரு கல்லூரியில் பகுதிநேர பி.எச்டி. ஆறு வருடம் இப்படி ஓடினேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆராய்ச்சிக் கருத்தரங்கு உண்டு. நெறியாளர், வெளியிலிருந்து வரும் நிபுணர், துறை ஆசிரியர்கள், மற்ற ஆய்வு மாணவர்கள் எல்லோருக்கும் முன்னால் நம் தேற்றத்தைக் கரும்பலகையில் நிரூபித்துக் காட்ட வேண்டும். தப்பு இருந்தால் அங்கேயே யாராவது பிடிப்பார்கள். கருத்தரங்கு என்பதே அதற்குத்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

பத்தரைக்கு என்று போட்டிருப்பார்கள். நிபுணர் ஜி.எஸ்.டி. ரோடு டிராஃபிக்கில் மாட்டிப் பதினொன்றேகாலுக்கு வருவார். இறைவணக்கம், வரவேற்புரை, அவர் வாங்கிய பட்டங்களின் பட்டியல், பொன்னாடை. பதிலுக்கு அவர் சிங்கப்பூர் மாநாட்டுக்குப் போய்வந்த கதையை அரைமணி நேரம் சொல்வார். அதற்குள் சமோசா வந்துவிடும். சமோசா ஆறிவிடுமே என்று பட்ட கவலையில் கால்வாசிகூட எங்கள் கணக்கைப் பற்றி யாரும் பட்டதில்லை.

என் முறை வந்ததும் ஒருங்கிணைப்பாளர் மேடம் காதருகே குனிந்து, "டைம் இல்லப்பா. புரூஃபை விட்டுடுங்க, ரிசல்ட்ட மட்டும் சொல்லிடுங்க," என்பார். கணிதத்தில் நிரூபணத்தை விட்டுவிடுவதாம்! பிரியாணியில் அரிசியை விட்டுவிடுங்கள் என்றால் இதே கூட்டம் சும்மா இருக்குமா? ஆனால் நானும் தலையாட்டினேன். அந்தக் கோபம் என்மேல்தான்.

என் ஆய்வு புள்ளிகளும் கோடுகளும். ஒரு புள்ளியில் காவலுக்கு ஓர் ஆளை நிறுத்தினால், அவர் அந்தப் புள்ளியையும் கோட்டால் அதோடு இணைந்த புள்ளிகளையும் பார்த்துக்கொள்வார். படம் முழுவதையும் காக்கக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும்? ஒரு வகைப் படங்களுக்கு மூன்று பேர் போதும் என்பது என் தேற்றம். ஆய்வேட்டில் பாதி அதன் மேல்தான் நின்றது. நான்கு கருத்தரங்குகளில் அதைச் சொன்னேன். நான்கிலும் கைதட்டல், ஒன்றில்கூட நிரூபணம் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தை நெரிசலில் பஸ் நகரவே இல்லை. பையிலிருந்த தாளின் பின்பக்கம் சும்மா கிறுக்கிக்கொண்டிருந்தேன். சதுரத்தின் மூலைகளில் நான்கு புள்ளிகள். ஒவ்வொரு மூலையிலிருந்தும் வெளியே ஒரு கோடு, அதன் நுனியில் ஒரு புள்ளி. நான்கு வால்கள். ஒவ்வொரு வாலுக்கும் தனி ஆள் வேண்டும், எப்படி நிறுத்தினாலும் நான்கு பேர். அதுவோ என் தேற்றம் பேசும் வகைப் படமேதான். மறுபடி மறுபடி எண்ணிப் பார்த்தேன், நான்குதான். முருங்கைக்காய்க் கட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, "இன்னாம்மா, மூஞ்சி ஒரு மாதிரி கீது? தண்ணி குடிக்கிறியா?" என்று பாட்டிலை நீட்டினார்.

மறுநாளே நெறியாளரிடம் ஓடினேன். சார் படத்தை ஒரு நிமிடம் பார்த்தார். அவருக்குப் புரிந்தது, அதை நான் மறைக்க மாட்டேன். "இப்பப் போய் இதைச் சொல்லணுமாம்மா? ஜர்னல்ல பேப்பர்தான் வந்தாச்சே. சப்மிட் பண்ணிடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்," என்றார். புரிந்தும் அப்படிச் சொன்னாரே என்பதைத்தான் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை.

அடுத்த கருத்தரங்கில் நேரே கரும்பலகைக்குப் போனேன். "என் தேற்றம் தப்பு," என்று சொல்லிவிட்டு எட்டுப் புள்ளிகளையும் வரைந்து, ஏன் நான்கு பேர் வேண்டும் என்று விளக்கினேன். கைதட்டினார்கள். ஆமாம், கைதட்டினார்கள். நிபுணர், "வெரி நைஸ். எப்பம்மா சப்மிட் பண்றீங்க?" என்று கேட்டபடியே எழுந்தார்.

"உக்காருங்க சார்," என்றேன்.

அந்த அறையில் ஒரு நிபுணரிடம் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் உட்கார்ந்துவிட்டார். "இந்தப் படத்துக்கு எத்தனை ஆள் வேணும்? நீங்களே சொல்லுங்க சார்."

அவர் பலகையைப் பார்க்கவில்லை. மேசைமேல் கிடந்த என் ஆய்வுச் சுருக்கத்தை எடுத்துப் புரட்டி, ஒரு வரியில் விரலை வைத்தார். "மூணும்மா. உங்க தியரமே சொல்லுதே."

என் நெறியாளருக்கு விடை தெரியும். அவர் தன் பேனாவுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று பேர் போதும் என்ற தேற்றம் நிறுவப்பட்டது, ஆய்வு திருப்திகரம் என்று அறிக்கையை முந்தின நாளே டைப் செய்து வைத்திருந்தார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. போடாவிட்டால் அந்தக் கருத்தரங்கு செல்லாது, ஆய்வேடும் நகராது. பாதி ஆய்வேட்டை நானே தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒருங்கிணைப்பாளர் மேடம் அவ்வப்போது போன் செய்து, "ஒரே ஒரு சைன்தானேப்பா, போட்டா என்ன?" என்கிறார்.

"அதுல மூணுன்னு இருக்கு மேடம். நாலு," என்கிறேன்.