டாக்டர் லியோரா சாகவில்லை

போன மாதம் என்னை ஒரு குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். குடியிருப்போர் சங்கம், மகளிர் குழு என்றாலாவது வெளியே சொல்லிக்கொள்ளக் கௌரவமாக இருக்கும். இது டிவி தொடர் ஒன்றின் ரசிகர் குழு. 'விண்வெளி வேங்கைகள்' என்று தமிழில் பெயர் வைத்து அந்தக் காலத்தில் ஓடிய வெளிநாட்டுத் தொடர். அதில் வேங்கையும் கிடையாது, பூனையும் கிடையாது. ஒரு கப்பல், அதில் சில பேர், வாரத்துக்கு ஒரு கிரகம், அவ்வளவுதான். எத்தனையோ வருஷமாக விட்டு விட்டு எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். இப்போது புது சீசன் வருகிறதாம். அதற்காகப் பழைய சீசன்கள் எல்லாவற்றையும் தமிழ்க் குரலோடு போனில் பார்க்கும்படி போட்டிருக்கிறார்கள். ஸ்கூல் படிக்கும் என் மகள்தான், "அம்மா, நீ அடிக்கடி சொல்லுவியே, அந்த சீரியல் வந்திருக்கு" என்று கண்டுபிடித்துக் காட்டினாள். கையோடு ரசிகர் குழுவிலும் சேர்த்துவிட்டாள்.

சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அங்கே எல்லாருமே கோபத்தில் இருக்கிறார்கள். "மூணாவது சீசனோட நிறுத்தியிருக்கணும்" என்று ஒரு கட்சி. "மூணாவது சீசன்லதான் எல்லாம் நாசமாச்சு" என்று எதிர்க்கட்சி. புதுக் கேப்டன் சிரிக்கிறான் என்று ஒருவருக்குக் குறை. பழைய கேப்டன் சிரித்ததே இல்லை என்று இன்னொருவருக்குப் பெருமை. இவ்வளவு பிடிக்காத ஒன்றை இவ்வளவு காலம் எதற்குப் பார்த்தார்கள் என்று நான் யோசித்தேன். யோசித்ததோடு நிறுத்தியிருக்கலாம். நானும் ஒரு கேள்வி கேட்டேன். "புது சீசனிலாவது டாக்டர் லியோரா திரும்பி வருவாரா? அந்தக் கிரகத்திலேயே விட்டுவிட்டு வந்தார்களே, எவ்வளவு அநியாயம்."

சிரிக்கிற பொம்மைகளாக வந்து விழுந்தன. "அவங்க மூணாவது சீசன்லயே செத்தாச்சு ஆன்ட்டி" என்று ஒரு பையன். ஆன்ட்டி என்றதிலேயே எனக்குப் பாதிக் கோபம் ஏறிவிட்டது. அவர் சாகவில்லை, நோயாளிகளை விட்டு வர மனமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டார் என்று விளக்கமாக எழுதினேன். "எந்த எபிசோடு? நம்பர் சொல்லுங்க" என்றான். நம்பர் எனக்கு எப்படித் தெரியும்? "ஒழுங்காகப் பார்க்காமல் பேசாதீர்கள் தம்பி" என்று எழுதினேன். நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. சண்டை நாள்கணக்கில் நீண்டது. கடைசியில் பொய்த் தகவல் பரப்புகிறேன் என்று சொல்லி என்னை வெளியே தள்ளிவிட்டார்கள்.

கோபம் வந்தால் பல்லைக் கடிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. கடித்ததில் கடைவாய்ப் பல் ஒன்று விண் விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது. அலமாரியைக் குடைந்து கிராம்புத் தைலத்தை எடுத்து, பஞ்சில் தொட்டு வைத்துக்கொண்டேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் வலி போனதோ இல்லையோ, ஸ்டெல்லா வந்துவிட்டாள்.

கல்யாணத்துக்கு முன்னால் திருச்சி தில்லை நகரில் ஒரு பல் கிளினிக்கில் வேலை பார்த்தேன். நான் முன்னறையில் டோக்கன் கொடுக்கிற பெண். ஸ்டெல்லா உள்ளே டாக்டருக்குப் பக்கத்தில் நிற்பவள். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து மாறி வருவேன். அவள் பாலக்கரையிலிருந்து வருவாள். கிளினிக் முழுக்கக் கிராம்புத் தைல வாசனை. வீட்டுக்குப் போய்த் தலையை அவிழ்த்தால் கூந்தலிலிருந்தும் அதே வாசனைதான் வரும். என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார், "பிரியாணி செஞ்சீங்களா?" என்று கேட்டார்கள். நாங்கள் சுத்த சைவம். அந்த வரன் அதோடு போயிற்று.

ஸ்டெல்லாவையும் என்னையும் சேர்த்துவைத்ததே இந்தத் தொடர்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் அவள் குறடு, ஊசிகளைக் கழுவிக்கொண்டே, "கேப்டன் ஹால்டனுக்கு ஏன் சோப்புத் தூள் விளம்பரக்காரர் குரலைக் குடுத்திருக்காங்க?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திருச்சியில் இதைப் பார்க்கிற ஒரே பெண்பிள்ளை நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே 'டி' போட்டுப் பேச ஆரம்பித்துவிட்டோம். இருவருக்கும் பிடித்தது கப்பலின் டாக்டர் லியோராதான். கேப்டன் துப்பாக்கியை நீட்டுகிற இடத்தில் அவள் முதலில், "உனக்கு எங்க வலிக்குது?" என்று கேட்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தொடர். வீட்டில் அம்மாவுக்கு அது ஆகவே ஆகாது. "ஆறு நாள் அடுத்தவங்க வாயைப் பாக்குற, ஏழாவது நாள் டிவி வாயையும் பாக்கணுமா?" என்பாள். அம்மாவை எப்படியும் சமாளித்துவிடலாம். கரண்டை என்ன செய்வது? அது மின்வெட்டுக் காலம். ஏரியாவுக்கு ஒரு நேரம் வைத்து நிறுத்துவார்கள். மூன்றாவது சீசன் தொடங்கிய சமயத்தில் எங்கள் தெருவுக்குக் காலை பத்திலிருந்து பன்னிரண்டு என்று ஆயிற்று. சரியாக என் தலையெழுத்தைப் பார்த்து எழுதின மாதிரி. பன்னிரண்டுக்கு மின்விசிறி சுற்ற ஆரம்பிக்கும்போது டிவியில் சமையல் நிகழ்ச்சி ஓடும். மறு ஒளிபரப்பு வேலைநாளில் மத்தியானம், அப்போது நான் டோக்கன் கொடுத்துக்கொண்டிருப்பேன். அந்த எரிச்சலைச் சொல்லி மாளாது.

பாலக்கரைக்கு மின்வெட்டு வேறு நேரம். அதனால் ஸ்டெல்லா காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்து தொடரைப் பார்ப்பாள். திங்கட்கிழமை எனக்குச் சொல்வாள். மத்தியானம் டாக்டர் சாப்பிடப் போனதும் நாங்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டு உட்காருவோம். கேப்டன் பேசினால் சோப்புத் தூள் குரல், கப்பல் கிளம்பினால் அடிவயிற்றிலிருந்து ஒரு உறுமல். ஒரு தடவை வெளியே காத்திருந்த பெரியவர், உள்ளே யாருக்கோ பல் பிடுங்குகிறார்கள் என்று பயந்து எழுந்து போய்விட்டார்.

ஒரு திங்கட்கிழமை அவள் முகம் கடுகடுவென்று இருந்தது. ஊசித் தட்டை டொக்கென்று வைத்தாள்.

"என்னடி ஆச்சு?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. கதை எழுதுறவனுக்கு மூளையே இல்ல. விடு."

காலை முழுக்கக் கழுவின ஊசிகளையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். மத்தியானம் டப்பாவைத் திறந்ததும் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். கப்பல் ஒரு புதுக் கிரகத்தில் இறங்குகிறது. அங்கே ஆறு இரண்டாகப் பிரிந்து நடுவில் ஒரு தீவு. அந்தத் தீவுக்காரர்களுக்கு ஒரு விநோத நோய், ஈறெல்லாம் நீலமாகிவிடும். லியோரா மருந்து கண்டுபிடிக்கிறாள். ஆனால் ஆளாளுக்குத் தனித்தனியாகப் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து. கேப்டன் கிளம்பலாம் வா என்கிறான். அதற்கு லியோரா சொன்னதாக ஸ்டெல்லா சொன்னது இன்னும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "டோக்கன் வாங்கினவங்க உக்காந்திருக்காங்க கேப்டன். நான் எப்படி வர்றது?"

நான் அழுதுவிட்டேன். தயிர்சாதத்தை அப்படியே மூடி வைத்தேன்.

அந்த சீசன் முழுக்க ஒவ்வொரு திங்கட்கிழமையும் கப்பல் கதை கொஞ்சம், தீவுக் கதை கொஞ்சம். ஒரு வாரம் தீவில் வெள்ளம். இன்னொரு வாரம் பணக்காரன் ஒருவன் வரிசையை மீறி உள்ளே வரப் பார்க்கிறான், லியோரா அவனை வாசலிலேயே உட்கார வைக்கிறாள். எங்கள் கிளினிக்கில் முந்தின வாரம் இதே மாதிரி ஒருவர் வந்து சத்தம் போட்டிருந்தார். எங்கள் டாக்டர் அவரைத்தான் முதலில் பார்த்தார். அப்போதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை பாருங்கள். எவ்வளவு நல்ல தொடர், நம் வாழ்க்கையையே எடுத்திருக்கிறார்களே என்று புல்லரித்துப் போனேன்.

சீசன் முடிகிற சமயத்தில் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வடக்கே எங்கேயோ வேலை. கல்யாணம் தூத்துக்குடியில். அவளுடைய கடைசி வேலைநாள் ஒரு சனிக்கிழமை. அந்த வாரம்தான் எங்கள் தெருவுக்கு மின்வெட்டு நேரத்தை மாற்றியிருந்தார்கள். மறுநாள் கடைசி எபிசோடை நானே என் கண்ணால் பார்க்கப்போகிறேன் என்று காலையிலிருந்து குதித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் கையுறையைக் கழற்றிக்கொண்டே அவள், "நீ பாக்குறதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி. லியோரா..." என்று ஆரம்பித்தாள்.

"ஐயோ, சொல்லாத! எனக்கு நாளைக்குக் கரண்ட் இருக்கு. நானே பாத்துக்கறேன்" என்று அவள் வாயைப் பொத்தினேன்.

என் கையை விலக்கிவிட்டு ஒரு மாதிரி சிரித்தாள். "சரி, பாரு. போயிட்டு வரேன்" என்றாள்.

பார்த்தேன். லியோரா வரவில்லை. ஒருவரும் அவள் பேரைக்கூட எடுக்கவில்லை. அடுத்த சீசனில் வருவாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த சீசனைத் தமிழில் போடவே இல்லை, அந்த நேரத்தில் மாமியார் மருமகள் தொடர் ஒன்று வந்துவிட்டது. ஸ்டெல்லாவிடம் கேட்கலாம் என்றால் அவளிடம் சொந்தமாகப் போன் கிடையாது. அவள் அண்ணன் நம்பர்தான் இருந்தது. கல்யாண வீட்டுக்குப் போன் போட்டு, லியோரா ஏன் வரவில்லை என்று அண்ணனிடமா கேட்பது? அப்புறம் எனக்கும் கல்யாணம், குழந்தை. ஒரு நாள் போட்டுப் பார்த்தபோது அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது.

குழுவிலிருந்து துரத்தப்பட்ட பிறகு, பல்லில் பஞ்சோடு, மூன்றாவது சீசனை முதலிலிருந்து பார்த்தேன். அந்தப் பையனுக்கு நம்பரோடு பதில் சொல்லியே தீர வேண்டும் என்ற வெறி. லியோரா செத்துப்போகிறாள். அதுவும் எப்படி? கப்பலில் ஒரு கதவு மாட்டிக்கொள்கிறது, அவள் அந்தப் பக்கம் நின்றுவிடுகிறாள், முடிந்தது. கேப்டன் தலையைக் குனிகிறான். அடுத்த காட்சியில் எல்லாரும் ஏதோ குடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். இதற்கா இத்தனை கோடி செலவு? நாலு சீசன் தள்ளியும் பார்த்துவிட்டேன். தீவு இல்லை, நீல ஈறு இல்லை, டோக்கன் இல்லை. எந்த வெளிநாட்டுக்காரன் டோக்கனைப் பற்றி எழுதியிருக்கப்போகிறான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. லியோராவைக் கதவில் வைத்து நசுக்கின மடையர்கள் மேல் முதலில் வந்தது. அப்புறம் என் மேல். ஆற்றுக்கு நடுவில் தீவு என்கிறாள், நான் தினமும் ஸ்ரீரங்கம் என்கிற தீவிலிருந்துதான் பஸ் ஏறி வருகிறேன், மண்டையில் ஏறவில்லையே. ஸ்டெல்லா மேலும் கோபம்தான். அவர்கள் கொன்றதை நீ பிழைக்க வைத்தாய், சரி. என்னிடம் ஏன் சொல்லவில்லை? சொல்ல வந்தவளின் வாயை யார் பொத்தியது என்று ஞாபகம் வந்ததும், அந்தக் கோபமும் சுற்றிக்கொண்டு என்னிடமே வந்து நின்றது.

போன சனிக்கிழமை பாலக்கரைக்குப் போனேன். அவள் வீடு இருந்த இடத்தில் மூன்று மாடிக் கட்டடம், கீழே செல்போன் கடை. கடைக்காரர், "அவங்க வித்துட்டுப் போயி ரொம்ப நாளாச்சுங்க. எங்கன்னு தெரியலையே" என்றார். இணையத்தில் தேடினால் ஸ்டெல்லாக்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அவள் முகம் இப்போது எப்படி இருக்கும்? கண்ணாடி போட்டிருப்பாளா? அவள் அன்றைக்குச் சொல்ல வந்தது என்ன என்று மட்டும் தெரிந்தால் போதும். "லியோரா செத்துட்டாடி, நான் சும்மா சொன்னேன்" என்பதா? அல்லது லியோரா கடைசி டோக்கனையும் பார்த்துவிட்டுக் கப்பல் ஏறின கதையா? எனக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

இப்போதெல்லாம் கரண்ட் போவதில்லை. போனாலும் இன்வெர்ட்டர் இருக்கிறது. எந்த எபிசோடையும் எந்த நேரத்திலும் பார்க்கலாம், பாதியில் நிறுத்தலாம், திரும்ப ஓட்டலாம். ஸ்டெல்லா சொன்னது மட்டும் அதில் எதிலும் கிடையாது. என் ஞாபகத்திலும் பாதி போய்விட்டது. வெள்ளத்தில் தீவுக்காரர்கள் எப்படித் தப்பித்தார்கள் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. மிச்சமும் போவதற்குள் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று நேற்று என் மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் போனில் இரண்டாவது சீசன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க பாரு, டாக்டர் லியோரா ஒரு தீவுக்குப் போவாங்க..."

அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ அம்மா, சொல்லாத! நானே பாத்துக்கறேன்."

"எங்கடி போயி பாப்ப?" என்றேன். காதைப் பொத்தியிருந்ததால் அவளுக்குக் கேட்கவில்லை.