அத்தையின் கைப்பையில் ஒட்டிக்கொண்ட கத்தி

அப்பாவுக்கு நான்தான் கொள்ளி வைத்தேன். எனக்கு அண்ணன் தம்பி யாரும் இல்லை. பெரியப்பா தன் மகனை வைக்கச் சொன்னார். நான் பாடையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. சுடுகாட்டு வாசலில் அழுகிறவளோடு யார் சண்டை போடுவார்கள்? விட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து குளித்ததும் பெரியப்பா நேராகச் சமையல்கட்டுக்குப் போய் வெட்டுக்கத்தியை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். கொள்ளி வைத்தவர் கருமாதி முடியும்வரை உடம்போடு ஒரு இரும்பு வைத்திருக்க வேண்டும், காத்துக் கருப்பு அண்டாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மற்ற வீடுகளில் இடுப்பில் சின்னதாக ஏதாவது செருகிக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் இருந்ததோ ஆட்டுத்தலை வெட்டுகிற கத்தி.

"இத்த உட்டுட்டு ஒரு வாட்டி நீ நிக்கிறத பாத்தேன்னு வை," என்றார் பெரியப்பா, "கருமாதிக்கு என் புள்ளதான் உக்காருவான். அன்னிக்கி அழுதேன்னு உட்டேன். இதுலயும் வெளையாட்டு காட்னா உட மாட்டேன்."

எனக்கு அப்பாவுக்குச் செய்ய மீதி இருந்தது அந்தக் கருமாதி ஒன்றுதான். அதனால் வெட்டுக்கத்தியோடு வாழத் தொடங்கினேன்.

குளிக்கப் போனால் அது கூடவே வரும். ஒரு கையில் கத்தி, ஒரு கையில் டீ டம்ளர் என்றால் தொட்டுக்கொள்ளப் பொறை ரொட்டியை எந்தக் கையால் எடுப்பது? பக்கத்துத் தெரு அம்மா ஒருத்தி நெஞ்சில் அடித்துக்கொண்டே உள்ளே ஓடிவந்தாள். நான் கட்டிப்பிடித்து அழலாம் என்று எழுந்தேன். என் கையைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை அப்படியே நின்றுபோய்விட்டது. ரெண்டு எட்டு பின்னால் போய், "நீ உக்காரும்மா, உக்காரு" என்றாள். மூலையில் அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். பாவம், தங்கச்சி எப்படி அழுகிறாள் பார் என்றார்கள். அது அழுகை இல்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

அத்தை அப்பாவுக்குக் கடைசித் தங்கச்சி. எனக்கும் அவளுக்கும் பத்து வயதுதான் வித்தியாசம். ரெண்டு பேரும் ஒரே ஷூ கம்பெனி. அவள் தையல் மெஷின், நான் தோலின் ஓரம் சீவுகிற இடம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து எனக்கு அவள்தான் தோஸ்த். அப்பா போனதிலிருந்து எங்கள் ரெண்டு பேருக்கும் ஏதோ ஆகிவிட்டது. எதைப் பார்த்தாலும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தால் அழுகை. அழுது முடிப்பதற்குள் மறுபடியும் சிரிப்பு.

சொந்தக்காரர்களுக்குக் கருமாதி சொல்லிவிட்டு வர பெரியப்பா கலவை ஊர்ப் பக்கம் போனார். அன்றைக்கு அத்தை சொன்னாள். "இந்தப் பேஜாரு வோணான்டி. வா, வாலாஜாக்குப் போயி சின்னதா ஒன்னு வாங்கினு வந்துடலாம். உங்க பெரியப்பன் இரும்புன்னுதான சொன்னாரு. எத்தினி கிலோன்னு சொல்லல."

வெட்டுக்கத்தியைப் பேப்பரில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பக்கத்து சீட்டுக்காரர் கறி எடுத்துப் போகிறோம் என்று நினைத்துவிட்டார். "எளங்கறியா?" என்று கேட்டார். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரும்புக் கடை பாய் முதலில் காட்டியது மஞ்சள் பிளாஸ்டிக் பிடி போட்ட பழம் நறுக்குகிற கத்தி. பளபளவென்று இருந்தது. எனக்குச் சந்தேகம்.

"இது எவர்சில்வராச்சே பாய். எவர்சில்வர் இரும்புல சேத்தியா?"

"துரு புடிக்காத இரும்பும்மா அது."

"எங்க பெரியப்பா ஒத்துக்க மாட்டாரே."

"அவரு இன்னா இரும்பு யாவாரியா?"

அத்தைக்கு உடனே ஒரு யோசனை. அவளுடைய கைப்பையில் மூடியை இழுத்துப் பிடிக்கிற காந்தப் பட்டன் இருக்கும். அதைத் திறந்து கத்தியில் வைத்தாள். டப்பென்று ஒட்டியது. அவ்வளவுதான், கடையில் இருந்த ஒவ்வொரு கத்தியையும் ஒட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டோம். சுத்தியலையும் ஒட்டிப் பார்த்தோம். பாயின் எவர்சில்வர் டீ டம்ளர் ஒட்டவில்லை. "அப்போ இது இரும்பு இல்ல பாய், உங்கள ஏமாத்திட்டாங்க" என்றாள் அத்தை. பாய் டம்ளரைத் தூக்கிப் பின்னால் வைத்துக்கொண்டார்.

பிறகு பாய் கண்ணாடிப் பெட்டியிலிருந்து பெருமையாக ஒன்றை எடுத்தார். ஏலகிரி, ஜவ்வாது மலை ஏறுகிற பையன்கள் வாங்குவதாம். முதுகில் ரம்பப் பல். பிடியைத் திருகினால் உள்ளே தீக்குச்சி, தூண்டில் முள், நூல். பிடியின் அடியில் திசை காட்டுகிற முள் வேறு.

"காட்ல வழி தப்பினா கூட இத்த வெச்சி வந்துடலாம்மா."

"பேயி வந்தா அது எந்தப் பக்கமா வந்துதுன்னும் காட்டுமா?" என்றாள் அத்தை.

அதைக் கையில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே பொந்து என்பதால் பிடி மட்டும் தடி, பிடித்த பிடி நிற்கவில்லை. மடக்குக் கத்தி காட்டினார். அதைத் திறக்க ரெண்டு கை வேண்டும், எனக்கு நகமும் இல்லை. மஞ்சள் பிடிக் கத்தியை லேசாக வளைத்தேன். பிடியும் இரும்பும் தனித்தனியாக ஆடின. தோல் சீவுகிற வேலை செய்கிறவளுக்கு ஆடுகிற பிடி ஆகாது, விரல் போய்விடும்.

கருமாதி முடிந்த பிறகு இதை வைத்து என்னென்ன செய்வேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கொய்யாக்காய் நறுக்கலாம். மூட்டை பிரிக்கலாம். ஜவ்வாது மலைக்குப் போய்ப் பலாப்பழம் வாங்கினால் அங்கேயே அறுத்துச் சாப்பிடலாம். அப்பா லோடு ஆட்டோ ஓட்டினார். எத்தனை தரம் சொன்னாலும் ஒரு கத்தி வாங்க மாட்டார். சரக்குக் கயிறு, பால் பாக்கெட், எல்லாம் பல்லால்தான். ஓரப் பல் ஒன்று அதிலேயே உடைந்துபோனது. அதை நினைத்ததும் கடையில் நின்றே அழுதேன். பாய் ஸ்டூலைத் தள்ளிப் போட்டார்.

"பொறுமையா வாங்கலாம், வாடி" என்று அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு படி இறங்கினாள்.

"யம்மா, யம்மா," என்று பாய் பின்னாலேயே வந்தார். "அதக் குடுத்துட்டுப் போங்க."

அத்தையின் பை மூடியிலிருந்து ஒரு கத்தி தொங்கிக்கொண்டிருந்தது. ஒட்டிப் பார்த்ததில் ஒன்றை எடுக்க மறந்திருக்கிறோம். அத்தை கீழே பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எனக்கு மூக்கெல்லாம் ஒழுகிக்கொண்டிருந்தது, அப்படியே சிரித்தேன். பாய்க்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தக் கத்தியை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது. கறுப்பு, கூர் மட்டும் வெள்ளை. என் நடுவிரல் நீளம்தான் வெட்டும் வாய். இரும்பு பிடியின் கடைசிவரை ஓடி, ரெண்டு பக்கமும் மரம் வைத்து அறைந்திருந்தது. ஆட்டிப் பார்த்தேன், ஆடவில்லை. ஒரு கையால் பிடித்துப் பேப்பரில் இழுத்தேன், சத்தமில்லாமல் போனது. இது போதும் என்றேன்.

அதற்கு உறை கிடையாது. வீட்டுக்கு வந்ததும், கம்பெனியில் கழித்துப்போட்ட தோலில் அத்தையே ஒன்றைத் தைத்தாள். குழந்தை ஷூவுக்கு வெட்டியது. ரோஸ் கலர், பூ பூவாக ஓட்டை. மூன்று தையல் போட்டதில் தலைகீழாகப் பிடித்து உதறினாலும் கத்தி விழவில்லை. ஷூ லேஸில் கோத்து என் கழுத்தில் மாட்டிவிட்டாள். சுடிதாருக்குள்ளே யாருக்கும் தெரியாது. அன்றைக்குத்தான் ஒரு கையில் தட்டைப் பிடித்து மறு கையால் சோறு பிசைந்தேன்.

யாருக்கும் தெரியாது என்பதுதான் கருமாதி அன்று வினையாகிப்போனது.

பாலாற்றங்கரையில் எல்லாம் எடுத்துவைத்திருந்தார்கள். ஊர் ஊராகச் சொல்லிவிட்டு நேராக அங்கேயே வந்த பெரியப்பா முதலில் என் கையைத்தான் பார்த்தார். ரெண்டும் காலி. தன் மகனின் தோளைத் தொட்டு, சடங்குச் சாமான் வைத்த பலகைக்கு எதிரில் உட்காரவைத்தார்.

"பெரியப்பா, கீது," என்று கழுத்திலிருந்து இழுத்தேன். ரோஸ் கலரில் பூப்பூவாக வெளியே வந்தது.

"இன்னா இது? கொழந்த செருப்ப கழுத்துல மாட்டினு வந்துகிறா."

"செருப்பு இல்லண்ணா, உறை," என்றாள் அத்தை. "உள்ள இரும்புதான். கடையவே காந்தம் வெச்சி சோதிச்சிட்டுதான் வந்தோம்."

உறையிலிருந்து உருவிக் காட்டினேன். பெரியப்பா கிட்டே வந்து பார்த்தார். கட்டைவிரலால் கூரைத் தடவினார். தர்ப்பைக்கட்டைச் சுற்றியிருந்த கயிற்றை அவர் மகன் அதற்குள் பல்லால் கடித்துக்கொண்டிருந்தான், முடிச்சு அவிழவில்லை. பெரியப்பா அவன் பல்லையே பார்த்தார். அப்பா கயிறு கடிக்கிறதை அவரும் பார்த்துப் பார்த்துத் திட்டியிருப்பார் போல. அவர் வாய் ஒரு மாதிரி கோணியது.

"தர்ப்பக்கட்ட அவகிட்ட குடுடா," என்றார். "அவ அறுப்பா."

அறுத்தேன். ஒரே இழுப்பு.

"தோலு ஆவாதும்மா," என்றார் சடங்கு செய்பவர். "உறைய அப்பால வெச்சிட்டு, கத்திய மட்டும் மடியில வெச்சிக்க. யாரு உக்கார்றது, சீக்கிரம் சொல்லுங்க, வெயில் ஏறுது."

பெரியப்பா மகனின் சட்டையைப் பிடித்துத் தூக்கினார். "எழுந்திர்றா. உக்கார்ற ஆளு வந்துட்டா."

நான் உட்கார்ந்தேன். எள்ளும் தண்ணீரும் கையில் விட்டார்கள்.